அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது?

இன்றைக்கு நாம் பேசப் போகிற விஷயம் பார்க்க ரொம்ப சாதாரணமாகத் தெரியும். ஒரு சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணிய பிறகு அது விட்டுவிட்டுப் போகிற மிச்சம் மீதி. அது எங்கே இருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது, எதை நீக்கலாம், எதைத் தொடக் கூடாது. நேயர்கள் அனுப்புகிற கேள்விகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "ப்ரோ, கேமைத் தூக்கிட்டேன், ஆனா சி டிரைவ் இன்னும் சிவப்பாவே காட்டுது. நல்ல கிளீனர் ஒண்ணு சொல்லுங்க."

கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லப் போகிறேன். ஆனால் கிளீனர் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னாடி வரும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் லிஸ்ட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்துகிறீர்கள். அப்போது என்ன நடக்கிறது? விண்டோஸே அந்த சாஃப்ட்வேரைத் தேடித் தேடி அழிக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு எழுதி வைக்கும்: "என்னை நீக்க வேண்டுமென்றால் இந்தக் கமாண்டை ஓட்டு." நீங்கள் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் அந்தக் கமாண்டை ஓட்டும், அவ்வளவுதான். அதாவது அந்த சாஃப்ட்வேரிடமே "நீயே கிளம்பிப் போ" என்று சொல்கிறது.

வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி பண்ணுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் ஓனர் வந்து சாமானைத் தூக்கிப் போடுவதில்லை, குடியிருந்தவரேதான் மூட்டை கட்டுகிறார். அவர் கையில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. குடி வந்த அன்றைக்குக் கொண்டுவந்த சாமான் லிஸ்ட். உதாரணத்துக்கு, இன்னோ செட்டப் என்கிற கருவியை வைத்துச் செய்த இன்ஸ்டாலர் என்றால், அந்த சாஃப்ட்வேரின் ஃபோல்டரிலேயே 'அன்இன்ஸ்' என்று தொடங்கும் ஒரு டேட் ஃபைல் இருக்கும். நான் எந்த ஃபைலை எங்கே வைத்தேன் என்கிற கணக்கு அதில்தான் இருக்கிறது. எம்எஸ்ஐ வகை இன்ஸ்டாலர் என்றால் அதே கணக்கு ஒரு டேட்டாபேஸாக இருக்கும்.

பிரச்சினை இங்கேதான். லிஸ்ட் குடி வந்த நாளில் எழுதியது. அதற்கப்புறம் 3 வருஷம் குடியிருந்தபோது வாங்கிச் சேர்த்த சாமான் எதுவும் அந்த லிஸ்ட்டில் இல்லை. சாஃப்ட்வேர் ஓடும்போது உருவாக்கிய கேஷ், லாக், செட்டிங்ஸ் ஃபைல், டவுன்லோடு செய்த அப்டேட், லாகின் செஷன், இது எதுவும் அன்இன்ஸ்டாலருக்குத் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். டெவலப்பர் தனியாக கோடு எழுதி இருந்தால்தான் தெரியும்.

"சரி ப்ரோ, அப்போ அந்த ஃபோல்டரை மொத்தமா டெலீட் பண்ற மாதிரி எழுதினா என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படி எழுதிய ஒரு கதை இருக்கிறது. 1998 கடைசியில் பஞ்ஜி நிறுவனம் 'மித் 2' என்று ஒரு கேம் தயார் செய்தது. பின்னாடி 'ஹேலோ' செய்த அதே நிறுவனம்தான். அந்த கேமின் அன்இன்ஸ்டாலர், கேம் இருக்கிற ஃபோல்டரை முழுசாக அழித்துவிடும். சாதாரணமாக இன்ஸ்டால் பண்ணினால் பிரச்சினை இல்லை. ஆனால் யாராவது தனி ஃபோல்டர் இல்லாமல் நேராக டிரைவின் மேல்மட்டத்திலேயே இன்ஸ்டால் பண்ணியிருந்தால்? அன்இன்ஸ்டால் பண்ணும்போது அந்த டிரைவில் இருக்கிற எல்லாமே போய்விடும். இது தெரிந்ததும் ஏற்கெனவே அச்சடித்து முடித்த சிடிகளை நிறுவனம் திரும்பப் பெற்றது.

2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீமிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பக் வெளியே தெரிந்தது. ஒரு ஸ்கிரிப்ட்டில் ஃபோல்டரின் பாதையை வைத்திருக்க வேண்டிய வேரியபிள் சில சூழ்நிலைகளில் காலியாக இருந்தது. "இந்த ஃபோல்டருக்குள் இருப்பதை எல்லாம் அழி" என்கிற கமாண்ட், "இந்த கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் அழி" என்று மாறிவிட்டது.

அதனால் ஒரு நல்ல டெவலப்பர் தன் லிஸ்ட்டில் இருப்பதை மட்டும் நீக்கிவிட்டு, சந்தேகமானதை விட்டுவிட்டுத்தான் போவார். மிச்சம் வைப்பது எப்போதும் சோம்பேறித்தனம் இல்லை. உங்கள் ஃபைலைத் தவறாக அழித்துவிடுவதைவிட, தன் குப்பையை விட்டுவிட்டுப் போவது மேல் என்கிற முடிவு அது.

இப்போது மிச்சங்களை வகை பிரிப்போம். என் கணக்கில் 4 வகை.

முதல் வகை, மறந்துபோன சாமான். கேஷ், லாக், பழைய அப்டேட் ஃபைல்கள். இடத்தை அடைக்கும். வேறு தொந்தரவு இல்லை.

இரண்டாவது, வேண்டுமென்றே விட்டுப்போனது. கேமில் நீங்கள் சேவ் செய்தது, எடிட்டிங் சாஃப்ட்வேரில் நீங்கள் செய்துவைத்த டெம்ப்ளேட், உங்கள் செட்டிங்ஸ். நாளைக்கே மறுபடி இன்ஸ்டால் பண்ணினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதற்காக.

மூன்றாவது, பொதுச் சொத்து. 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று ஆப்ஸ் லிஸ்ட்டில் வரிசையாக ஐந்தாறு இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு கேம் அதைக் கொண்டுவந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் வந்த நாலு சாஃப்ட்வேர் அதையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். அபார்ட்மெண்ட் மோட்டார் மாதிரி. நான் போட்டதுதானே என்று ஒருத்தர் கழற்றிக்கொண்டு போனால் மற்ற வீட்டுக்குத் தண்ணீர் வராது.

நான்காவது வகைதான் இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச நினைப்பது. ஸ்பேர் சாவி. ஆள் வீட்டைக் காலி பண்ணிவிட்டார், சாமான் எதுவும் இல்லை, வீடு சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு சாவி அவரிடமே இருக்கிறது. கம்ப்யூட்டரில் இதற்கு ஈடானவை: பின்னணியில் ஓடுகிற சர்வீஸ், குறிப்பிட்ட நேரத்துக்குத் தானாக எழுந்திருக்கும் ஷெட்யூல்டு டாஸ்க், நெட்வொர்க் டிரைவர், புராக்ஸி செட்டிங், ஆன்ட்டிவைரஸில் போட்டுவைத்த விதிவிலக்கு, ரூட் சர்டிஃபிகேட்.

கவனித்தீர்களா, முதல் வகை ஜிபி கணக்கில் இருக்கும், நான்காவது வகை பல நேரம் சில கேபி கூட இருக்காது. நாம் எல்லோரும் எவ்வளவு இடம் காலியாச்சு என்றுதான் பார்க்கிறோம். 8 ஜிபி கேஷ் இருந்தால் இடம் போகும், அவ்வளவுதான். ஒரு 2 கேபி சர்டிஃபிகேட் இருந்தால் உங்கள் பேங்க் பாஸ்வேர்டே போகலாம். அதனால் மிச்சத்தைப் பார்த்தால் "இது எவ்வளவு பெருசு?" என்று கேட்பதற்கு முன்னால், "இது இன்னும் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த எபிசோடில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2014 கடைசியில் விற்ற லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர சாஃப்ட்வேர் ஏற்கெனவே போட்டு வந்தது. நீங்கள் பார்க்கிற வெப்சைட்டுக்குள் விளம்பரம் நுழைப்பதுதான் அதன் வேலை. பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் சைட்டுக்குள்ளும் நுழைய வேண்டுமே, அதற்காக அது விண்டோஸில் தன் சொந்த ரூட் சர்டிஃபிகேட்டைப் போட்டுக்கொண்டது. ரூட் சர்டிஃபிகேட் என்றால், "இவர் யாரை நல்லவர் என்று சொன்னாலும் நம்பு" என்று உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற உத்தரவு. அந்த சர்டிஃபிகேட்டின் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்பிலும் ஒன்றுதான். 2015 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சாவியை வெளியே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்ததும் நிறைய பேர் சூப்பர்ஃபிஷை அன்இன்ஸ்டால் பண்ணினார்கள். ஆப்ஸ் லிஸ்ட்டில் இருந்து போய்விட்டது. ஆனால் சர்டிஃபிகேட் அப்படியே இருந்தது. அதாவது சாஃப்ட்வேரை நீக்கியவரின் லேப்டாப்பிலும், பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் போலி பேங்க் சைட்டைக் காட்டினால் பிரவுசர் பூட்டுப் படத்தோடு ஏற்றுக்கொள்ளும். சர்டிஃபிகேட்டைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, 2019 ஜூலை. மேக்கில் ஜூம் போட்டால் அது கூடவே ஒரு சின்ன வெப் சர்வரையும் கம்ப்யூட்டரில் வைத்துவிடும் என்று ஜோனதன் லைட்ஷு என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். ஜூமை நீக்கினாலும் அந்தச் சர்வர் போகாது. அதற்கப்புறம் நீங்கள் ஏதாவது ஒரு ஜூம் லிங்க்கைத் திறந்தால், உங்களைக் கேட்காமலே அது ஜூமைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிவிடும். ஆப்பிள் நிறுவனம் யூசரிடம் எதுவும் கேட்காமல் பின்னணியில் ஒரு அப்டேட் அனுப்பி அந்தச் சர்வரை நீக்கியது. காலி பண்ணிய ஆள் ஸ்பேர் சாவியை வைத்துக்கொண்டு திரும்ப வந்து படுத்துக்கொள்கிறார் என்றால் அது இதுதான்.

இந்த அளவுக்குப் பெரிசாக இல்லாமல், நம் பக்கத்தில் நடப்பதையும் சொல்கிறேன். போன வருஷம் என் நண்பனின் தங்கைக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கிற்கு சர்டிஃபிகேட் அப்லோடு பண்ண அதுதான் கடைசி நாள். சாயங்காலம் 4 மணிக்கு போன். "அண்ணா, எந்த சைட்டுமே திறக்க மாட்டேங்குது. வைஃபை ஃபுல்லா இருக்கு. போன்ல எல்லாம் வருது. லேப்டாப்ல மட்டும் வரல." வீட்டில் எல்லோரும் பதட்டத்தில் இருக்கிறார்கள். அவங்க அப்பா ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எல்லாம் ஃபைலில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்ப வண்டியை வெளியே எடுத்துவிட்டார்.

ஸ்கிரீனில் என்ன வருகிறது என்று படிக்கச் சொன்னேன். புராக்ஸி சர்வரோடு இணைய முடியவில்லை என்று வருகிறது. "சமீபத்துல ஏதாவது சாஃப்ட்வேர் எடுத்தியாம்மா?" "ஒரு ஃப்ரீ விபிஎன் இருந்துச்சுண்ணா, ஸ்லோவா இருக்குனு நேத்து எடுத்துட்டேன்." அவள் செய்தது முழுக்க சரி. அந்த விபிஎன்தான் போகும்போது தன் வேலையை முடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது "எல்லா இன்டர்நெட் போக்குவரத்தையும் 127.0.0.1 வழியாக அனுப்பு" என்று விண்டோஸில் எழுதி வைத்திருந்தது. 127.0.0.1 என்றால் அதே கம்ப்யூட்டர்தான். அங்கே காத்துக்கொண்டிருந்த விபிஎன் இப்போது இல்லை. ஆனால் எழுதி வைத்தது அழியவில்லை. பிரவுசர் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், புராக்ஸி, அதில் மேனுவல் புராக்ஸி செட்டப்பை ஆஃப் பண்ணச் சொன்னேன். 2 நிமிஷம். சைட் திறந்தது. வண்டி திரும்ப உள்ளே போனது. இந்த மிச்சம் எவ்வளவு இடம் அடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வரி. எந்த கிளீனரும் "1 வரி காலி செய்தேன்" என்று பெருமையாகக் காட்டாது.

சரி, இப்போது செய்முறை. விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். 10-லும் பெரும்பாலும் இதேதான்.

அன்இன்ஸ்டால் பண்ணுவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. அந்த சாஃப்ட்வேருக்குள் போய் லாக்அவுட் பண்ணுங்க. லைசென்ஸ் வாங்கியது என்றால் டீஆக்டிவேட் பண்ணுங்க. இல்லையென்றால் அடுத்த கம்ப்யூட்டரில் போடும்போது உங்கள் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று சொல்லும். உங்களுக்கு வேண்டிய ஃபைலை வேறு இடத்தில் சேவ் பண்ணிக்கொள்ளுங்க. டாஸ்க்பாரின் ஓரத்தில், மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், அதன் ஐகான் இருந்தால் எக்ஸிட் கொடுங்க. ஓடிக்கொண்டிருக்கிற ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது. பாதி மிச்சம் அதனாலேயே வருகிறது.

பிறகு செட்டிங்ஸ் வழியாக அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு, கட்டாயம் ரீஸ்டார்ட் பண்ணுங்க. பூட்டியிருக்கும் ஃபைல்களை "அடுத்த தடவை ஆன் ஆகும்போது அழி" என்று விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் பண்ணாமலே மிச்சத்தைத் தேடினால், தானாகப் போகப் போவதை எல்லாம் நீங்கள் கையால் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆன்ட்டிவைரஸ் என்றால் ஒரு கூடுதல் வேலை. அது கெர்னல் வரைக்கும் டிரைவர் போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் பெரிய ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகள் தங்கள் சாஃப்ட்வேரை நீக்குவதற்கென்றே தனியாக ஒரு ரிமூவல் டூல் கொடுக்கின்றன. அந்தக் கம்பெனியின் சொந்த சைட்டிலிருந்து அதை இறக்கி ஓட்டுங்க. டிரைவர் ஃபைலைக் கையால் டெலீட் பண்ணாதீங்க. 2005-ல் சோனி பிஎம்ஜி மியூசிக் சிடிகளில் ஒளிந்து வந்த ரூட்கிட்டைக் கண்டுபிடித்தவர் மார்க் ருசினோவிச். அவர் அந்த டிரைவரைக் கையால் நீக்கிப் பார்த்தபோது, விண்டோஸில் சிடி டிரைவே காணாமல் போனது. சிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் அது தன்னைக் கோத்துவிட்டிருந்தது. அவருக்கு விண்டோஸின் உள்ளே எல்லாம் அத்துப்படி, அதனால் சரி செய்துகொண்டார். நமக்கு அது ஒரு வார இறுதியைச் சாப்பிட்டுவிடும்.

அடுத்து, ஸ்பேர் சாவி தேடல். அதே மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் சேர்ந்து எழுதிய 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவச டூல் இருக்கிறது. இப்போது மைக்ரோசாஃப்ட்டே தன் சைட்டில் கொடுக்கிறது. விண்டோஸில் தானாக ஓடத் தொடங்குகிற எல்லாவற்றையும், அதாவது ஸ்டார்ட்அப், சர்வீஸ், ஷெட்யூல்டு டாஸ்க், டிரைவர் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அதில் மஞ்சள் நிறத்தில் வரும் வரிகளைப் பாருங்க. "இதை ஓட்டு என்று எழுதியிருக்கிறது, ஆனால் அந்த ஃபைலே இல்லை" என்று அர்த்தம். பெரும்பாலும் போன சாஃப்ட்வேரின் அனாதைக் குறிப்பு. ஆபத்து குறைவு. அதைவிட முக்கியம், நீங்கள் நீக்கிவிட்டதாக நினைத்த கம்பெனியின் பெயரில் மஞ்சள் இல்லாமல், நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் வரி. அதுதான் சாவி. உடனே டெலீட் பண்ண வேண்டாம். முன்னாடி இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எல்லாம் சரியாக இருந்தால் சில நாள் கழித்து நீக்குங்க. டிக்கை எடுத்தது தப்பு என்றால் திரும்பப் போட்டுவிடலாம். டெலீட் பண்ணினால் போடுவதற்கு எதுவும் இருக்காது.

கூடவே 3 இடம் பாருங்க. ஒன்று, இப்போது சொன்ன புராக்ஸி. இரண்டு, ரூட் சர்டிஃபிகேட். ஸ்டார்ட்டில் 'சர்டிஃபிகேட்' என்று டைப் செய்தால் வரும் மேனேஜரில், 'டிரஸ்டட் ரூட்' என்ற பகுதி. அதில் நிறைய பெயர் இருக்கும், எல்லாவற்றையும் சந்தேகப்படாதீங்க. நீங்கள் நீக்கிய சாஃப்ட்வேரின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸ் போட்ட சர்டிஃபிகேட் இருக்கும், அதைத் தொடாதீங்க.

மூன்று, இது நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தமானது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல். கிராக் சாஃப்ட்வேர் போடும்போது, "ஆன்ட்டிவைரஸ் தடுக்கும், அதனால இந்த ஃபோல்டரை விட்டுடச் சொல்லு" என்று போட்டுவிடுவார்கள். கடையில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பிலும் இது இருக்கலாம். கிராக்கை நீங்கள் தூக்கிவிட்டாலும் அந்த விதிவிலக்கு தானாகப் போகாது. சில மெஷினில் முழு சி டிரைவையே விதிவிலக்கில் போட்டிருப்பார்கள். வாட்ச்மேன் இருக்கிறார், ஆனால் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் உங்களுக்குக் காலியாக இருந்தால் நல்லது. இருக்கிற ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இடம். 'வின்டிர்ஸ்டாட்' மாதிரி ஒரு இலவச டூல் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று படமாகவே காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை: புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டு, புரோகிராம்டேட்டா, பிறகு உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா. கடைசி இரண்டும் மறைந்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் போட்டால் தெரியும். ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று 3 இருக்கும். லோக்கலில் பெரும்பாலும் கேஷ். ரோமிங்கில் பெரும்பாலும் உங்கள் செட்டிங்ஸும் லாகினும். கேம் சேவ்கள் இந்த மூன்றிலும் இருக்கலாம், டாக்குமென்ட்ஸிலும் இருக்கலாம். அதனால் அழிக்கும் முன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பாருங்க.

போன சாஃப்ட்வேரின் பெயரோ கம்பெனி பெயரோ இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்தால், அழிக்காமல் முதலில் பெயரை மட்டும் மாற்றுங்க. முன்னாடி 'பழசு' என்று சேர்த்தால் போதும். 2 வாரம் விடுங்க. யாரும் அழவில்லை என்றால் டெலீட் பண்ணிடுங்க. கம்பெனி பெயரில் இருக்கும் ஃபோல்டர் என்றால், அதே கம்பெனியின் வேறு சாஃப்ட்வேர் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்க.

தொடவே கூடாத ஒன்று: விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்த ஃபோல்டர் இருக்கும். பல ஜிபி காட்டும். பெயரைப் பார்த்தால் பழைய செட்டப் ஃபைல் குப்பை மாதிரி இருக்கும். அது குப்பை இல்லை. எம்எஸ்ஐ வகை சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணவும், ரிப்பேர் பண்ணவும், ஏன், அன்இன்ஸ்டால் பண்ணவுமே அங்கே இருக்கும் ஃபைல் தேவை. அதை அழித்தால் பிற்பாடு எதையும் ஒழுங்காக நீக்கக்கூட முடியாது.

ரெஜிஸ்ட்ரி? பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: விட்டுடுங்க. ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். அதில் போன சாஃப்ட்வேரின் 50 வரி மிச்சம் இருப்பதால் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகாது. யாரும் படிக்காத ரெக்கார்டு ரூமில் கிடக்கிற பழைய ஃபைல் மாதிரி. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. திரும்ப இன்ஸ்டால் பண்ணவே விடாமல் ஒரு குறிப்பிட்ட வரி தடுக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துவிட்டு நீக்குங்க.

இப்போது, ஏன் கிளீனர் பெயர் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். 2017-ல் 'சிகிளீனர்', உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்திய சுத்தம் செய்கிற டூல்களில் ஒன்று. அந்த வருஷம் ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, அதன் 5.33 வெர்ஷனில் மால்வேர் கலந்து வந்தது. ஹேக்கர்கள் கம்பெனிக்குள்ளேயே புகுந்து கலந்துவிட்டார்கள். கம்பெனியின் சரியான டிஜிட்டல் கையெழுத்தோடு, அதிகாரப்பூர்வ டவுன்லோடிலேயே வந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அந்த வெர்ஷன் போய் உட்கார்ந்தது. அந்த டூல் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கிளீனர் வேலை செய்ய வேண்டும் என்றால் உங்கள் கம்ப்யூட்டரின் எல்லா அறைக்கும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். காலி பண்ணிய ஒருவரின் சாவியைத் தேடுவதற்காக, இன்னொருவருக்கு மாஸ்டர் சாவி கொடுக்கிறீர்கள். அது அவசியமா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுக் கொடுங்க.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஆப்பை டிராஷுக்கு இழுத்துப் போட்டால் ஆப் மட்டும்தான் போகும். யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், கேஷஸ், பிரிஃபரன்சஸ், கன்டெய்னர்ஸ், இந்த நாலிலும் மிச்சம் இருக்கும். சாவி இருப்பது லான்ச் ஏஜென்ட்ஸ், லான்ச் டீமன்ஸ் என்ற ஃபோல்டர்களில். 2022-ல் வந்த வென்ச்சுராவிலிருந்து சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ் போனால் பின்னணியில் ஓட அனுமதி உள்ளவை எல்லாம் பட்டியலாகவே வருகிறது.

லினக்ஸ் நண்பர்களே, உபுன்டு, டெபியன் பக்கம் 'ரிமூவ்' வேற, 'பர்ஜ்' வேற. ரிமூவ் கொடுத்தால் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை விட்டுவிடும். பர்ஜ் கொடுத்தால் அதையும் எடுத்துவிடும். ஆனால் பர்ஜ் கூட உங்கள் ஹோம் ஃபோல்டரில் கை வைக்காது. அங்கே புள்ளி வைத்துத் தொடங்கும் கான்ஃபிக், கேஷ், லோக்கல் ஃபோல்டர்களை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஃப்ளாட்பேக் என்றால், அன்இன்ஸ்டால் பண்ணும்போது 'டெலீட் டேட்டா' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. லேப்டாப்பை விற்கப் போகிறீர்கள், அல்லது சொந்தக்காரப் பையனுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் போதாது. ரோமிங்கில் இருக்கும் லாகின் செஷன் ஞாபகம் இருக்கிறதா? பல ஆப்களில் அந்த ஃபோல்டர் மிச்சம் இருந்தால், வாங்கியவர் அதே ஆப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணும்போது பாஸ்வேர்டு கேட்காமலே உங்கள் அக்கவுன்ட் திறந்துகொள்ளும். கைமாறும் மெஷினில் ஒவ்வொன்றாகத் தேடாதீங்க. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்க. அதில் 'கிளீன் டேட்டா'வை ஆன் பண்ணுங்க. நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டரிலேயே இல்லாத மிச்சம். போனில் ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் சப்ஸ்கிரிப்ஷனாக இருந்தாலும், யுபிஐ ஆட்டோபே ஆக இருந்தாலும் மாசாமாசம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். அதைத் தனியாக கேன்சல் பண்ண வேண்டும். அதேபோல் 'கூகுள் மூலம் லாகின்' கொடுத்திருந்தால், உங்கள் கூகுள் அக்கவுன்ட்டில் அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும். அதுவும் சாவிதான்.

இன்றைக்கு ராத்திரி ஒரு 10 நிமிஷம் ஒதுக்குங்க. புராக்ஸி, எக்ஸ்க்ளூஷன்ஸ், ஆட்டோபே, இந்த 3 பட்டியலை மட்டும் திறந்து பாருங்க. பார்த்ததும் "இது என்ன?" என்று தோன்றும் வரி ஏதாவது இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க. அனுப்பும் முன் பெயர், மெயில் ஐடி, அக்கவுன்ட் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்க. அடுத்த எபிசோடில் அதில் சிலவற்றை எடுத்து, எது எதற்கு என்று பேசலாம்.